தட்டுப்பாட்டில் பிறந்த பண்டிகைக் காப்பி

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739ஆம் ஆண்டு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, புதுச்சேரியிலிருந்து கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல்கள் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தின்மீது குண்டு வீசின. கடன் பாக்கி, சுங்கத் தகராறு என்று காரணம் சொன்னார்கள். ஆனால் பிரெஞ்சுக் கம்பெனிக்கு அந்த வறண்ட கரையில் என்ன வேலை என்று பார்த்தால், காப்பிக்கொட்டைதான். மோக்காவுக்குப் படை போனபோதும், தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து காரைக்காலை வாங்கியபோதும் புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் ஒரே ஆள், பெனுவா துய்மா. ஆக, நம்ம ஊர் அந்தக் கம்பெனியின் கணக்கில் ஏறுவதற்கு முன்பே காப்பி ஏறிவிட்டது.

இந்தப் பழைய கணக்கை இப்போது புரட்டுவதற்குக் காரணம் உண்டு. டிசம்பர் பிறந்தால் நம் வீட்டுப் பிள்ளைகளின் செல்பேசியில் சிவப்புக் கோப்பைகள் வரிசை கட்டுகின்றன. ஜிஞ்சர்பிரெட் லாத்தே, எக்நாக் லாத்தே, பெப்பர்மின்ட் மோக்கா. இதையெல்லாம் வீட்டிலேயே போட முடியாதா என்று கேட்கிறார்கள். கேட்ட கையோடு, பாட்டிலில் அடைத்த சிரப்பு எங்கே கிடைக்கும் என்றும் தேடுகிறார்கள். ஸ்டார்பக்ஸ் கம்பெனி எக்நாக் லாத்தேயைக் கொண்டுவந்தது 1986ல். பண்டிகைக் கோப்பை 1997ல், ஜிஞ்சர்பிரெட் லாத்தே 2000ல், பெப்பர்மின்ட் மோக்கா 2002ல். இந்த வரிசையைப் பார்த்தால் கிறிஸ்துமஸ் காப்பி என்பதே அமெரிக்கக் கடைக்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்த சரக்கு என்றுதான் தோன்றும்.

அது பாதிக்கதை. இந்தப் பானங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், வேறு ஒரு வரலாறு வெளியே வருகிறது. பெரும்பாலானவை இல்லாமையில் பிறந்தவை. காப்பிக்கொட்டை கிடைக்காத இடத்தில் ஒரு வேர், பால் கிடைக்காத இடத்தில் ஒரு முட்டை, காப்பியே வாங்க வக்கில்லாத வீட்டில் ஒரு துண்டு சுக்கு. தட்டுப்பாட்டுக் காலத்தில் கை கொடுத்ததை, நல்ல காலம் வந்தபிறகும் சனங்கள் விடவில்லை. அதைப் பண்டிகைக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். இந்தக் கதையின் பல கிளைகள் காரைக்காலைத் தொட்டுக்கொண்டு போகின்றன என்பதால், நாம் செய்யும்போது சிரப்பு பாட்டிலில் தொடங்காமல் நம் அடுக்களையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி.

முதலில் சிக்கரி. நெப்போலியன் 1806 நவம்பர் 21ஆம் தேதி பெர்லினிலிருந்து ஓர் ஆணை போட்டார். பிரிட்டனோடு ஐரோப்பா எதுவும் வாங்கவோ விற்கவோ கூடாது. கடலில் பிரிட்டிஷ் கப்பற்படையின் கை ஓங்கியிருந்த காலம் அது. கடல் கடந்து வரவேண்டிய காப்பியும் சர்க்கரையும் பிரான்சில் அருகிப்போயின. சர்க்கரைக்குப் பதில் பீட்ரூட் வந்தது. காப்பிக்குப் பதிலாக, அதோடு கலந்து சரிக்கட்ட, சிக்கரி வேர் வந்தது. நீல நிறப் பூப் பூக்கும் செடி அது. வேரைத் தோண்டி, துண்டுபோட்டுக் காயவைத்து, வறுத்து அரைத்தால் கருந்தவிட்டு நிறத்தில் ஒரு பொடி. வேரில் உள்ள மாவுப் பொருளின் பெரும்பகுதி இனுலின். வறுபடும்போது அது கருகிய சர்க்கரையின் வாசனையும் லேசான கசப்பும் கொடுக்கிறது. கஃபீன் துளியும் கிடையாது. ஜெர்மானியர்கள் இதற்கு முன்பே சிக்கரியைப் பழகியிருந்தார்கள். ஆனால் பிரான்சு நாட்டை அந்தப் பழக்கத்தில் ஆழமாக இழுத்துவிட்டது அந்த முற்றுகைதான். முற்றுகை முடிந்து கொட்டை தாராளமாக வந்தபிறகும் வடபிரான்சுக்காரர்கள் சிக்கரியை விடவில்லை. இன்றும் அங்கே விற்கும் லெரூ சிக்கரி 1858ல் தொடங்கிய கம்பெனி.

அதே காலத்தை ஒட்டித்தான் பிரான்சில் இன்னொன்றும் பரவியது. பாத்திரம் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் அடியில் ஊசித்துளைகள். அதில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் சாறு சொட்டுச் சொட்டாகக் கீழடுக்கில் இறங்கும். இதைப் பாரிஸ் பேராயராக இருந்த ழான் பத்தீஸ்த் த பெலுவாவின் பெயரால் அழைத்தார்கள். அதற்கு முன் பிரெஞ்சுக்காரரும் பெரும்பாலும் துருக்கியரைப் போல் பொடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். படத்தில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தால் நம் அடுக்களைப் பித்தளை ஃபில்டரை அடையாளம் காண ஒரு நொடி ஆகாது. திருச்சபையின் பேராயர் பெயரைச் சுமந்த பாத்திரத்தில் கிறிஸ்துமஸ் காப்பி இறக்குவதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? எந்திரமும் வேண்டாம், நுரைக்கும் கருவியும் வேண்டாம். டபராவும் டம்ளரும் ஆற்றத் தெரிந்த கையும் போதும்.

இங்கே அட்லாண்டிக்கைத் தாண்டி ஓர் ஊருக்குப் போய்வர வேண்டும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், பிரெஞ்சுக்காரர் 1718ல் அமைத்த ஊர். அந்த லூசியானாவையும் நம் புதுச்சேரியையும் ஒரே கம்பெனிதான் கொஞ்ச காலம் கட்டி ஆண்டது. 1719ல் பல கம்பெனிகளை ஒன்றாக இணைத்தபோது உருவான பிரெஞ்சு இந்தியக் கம்பெனி அது. மிசிசிப்பி முகத்துவாரத்து ஊரும் நம் புதுச்சேரிக் கரையும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கியவை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861ல் வெடித்தபோது வடக்குப் படையின் கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை அடைத்தன. காப்பி வரத்து நின்றது. பிரெஞ்சு வழிப் பழக்கம் ஏற்கெனவே இருந்ததால், கையிருப்பில் சிக்கரியைக் கலந்து நீட்டினார்கள். போர் முடிந்தும் சிக்கரி போகவில்லை. இன்றைக்கும் அந்த ஊரின் பெருமை, சிக்கரிக் காப்பியில் சூடான பாலைச் சரிக்குச் சரி ஊற்றிக் கொடுப்பது. 1862லிருந்து நடக்கும் கஃபே து மோந்த் கடைக்கு ஒரு கும்பகோணத்துக்காரரைக் கூட்டிப்போனால், டம்ளர் இல்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

அந்த ஊரில் பிறந்த பண்டிகைக் காப்பி ஒன்றும் உண்டு. கஃபே ப்ரூலோ. அந்துவான் என்ற பழைய உணவகத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜூல் அல்சியத்தோர் என்பவர் பிரபலமாக்கியது. பிராந்தியில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், சர்க்கரை போட்டுச் சூடாக்கி, நெருப்பு வைத்து, நீலச் சுடர் எரியும்போதே கடுங்காப்பியை ஊற்றி அணைப்பார்கள். இது இல்லாமையில் பிறந்தது இல்லை, விருந்துக்கு வந்தவர்களை அசத்துவதற்கென்றே பிறந்தது. என் வாதத்துக்கு ஒத்துவராத பானம் என்றாலும், கிறிஸ்துமஸ் காப்பி வகைகளில் இதை விட்டுவிட மனம் வரவில்லை. அதன் ஆரஞ்சுத் தோல் வாசனைக்கு இணை கிடையாது.

கிராம்பும் பட்டையும் சாதிக்காயும் எப்படிக் கிறிஸ்துமஸுக்கு உரிய வாசனை ஆயின என்பதற்கும் பதில் கடலில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் இவை தங்கத்துக்கு நிகராக விலை போன காலத்தில், சாமானியர் வருடத்துக்கு ஒருமுறை, பெரிய பண்டிகைக்குத்தான் இவற்றைத் தொட முடிந்தது. இஞ்சி ரொட்டியும் மசாலா ரொட்டியும் அப்படித்தான் டிசம்பர் பண்டம் ஆயின. பட்டை நமக்கு எதிர்க்கரையான இலங்கையிலிருந்து போனது. கிராம்பையும் சாதிக்காயையும் மொலுக்காஸ் தீவுகளில் டச்சுக்காரர் பூட்டிவைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே டச்சுக்காரர்தான். காரைக்காலின் தெற்கே அவர்கள், வடக்கே தரங்கம்பாடியில் 1620லிருந்து டேனிஷ்காரர்கள். அந்தப் பூட்டை உடைத்தவர் பியர் ப்வாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர். 1770ல் அவருடைய ஏற்பாட்டில் கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளும் விதைகளும் கள்ளத்தனமாக மொரீஷியஸுக்கு வந்து சேர்ந்தன. பக்கத்துத் தீவான ரீயூனியனில், அப்போது அதற்குப் பூர்போன் என்று பேர், 1715லேயே மோக்காவிலிருந்து காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். ஆக, காப்பியும் கிராம்பும் ஒரே கடலில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் பிரெஞ்சுக் கைகளில் வளர்ந்தன. பின்னாளில் அந்த ரீயூனியனுக்குத்தான் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம் சனங்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள்.

கப்பல் இன்னும் தூரமும் போனது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தியக் கூலிகளின் முதல் கூட்டத்தை 'ஒரேலி' என்ற கப்பல் இறக்கிவிட்ட நாள் 1854 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். இதைப் படித்தபோது என்னால் உடனே அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. ஊரில் எந்த நாள் என்று தெரிந்தும் தெரியாமலும், யாருடைய பண்டிகைக்கோ மணி அடிக்கும் கரையில் அவர்கள் இறங்கியிருப்பார்கள். அந்தத் தீவில் விசேஷ வீடுகளில் ஷோதோ என்று ஒரு பானம் உண்டு. பால், முட்டை, பட்டை, சாதிக்காய், வனிலா சேர்த்துக் காய்ச்சுவது. எக்நாக்குக்கு நெருங்கிய உறவு.

முட்டையும் காப்பியும் சேர்ந்த கதைக்குக் கிழக்கே வியட்நாமுக்குப் போகவேண்டும். இந்தக் கிளை காரைக்காலுக்கு இன்னும் நெருக்கம். 1881ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தங்கள் சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு வருகிறோம் என்று பதிவு செய்தவர்கள் முழுப் பிரெஞ்சுக் குடிமக்களைப் போன்ற உரிமை பெறலாம். அப்படிப் பதிந்த குடும்பங்களிலிருந்து ஏராளமானோர் வியட்நாம் அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனத்துக்கு அரசாங்க வேலைக்குப் போனார்கள். காரைக்கால் முஸ்லிம் வணிகர்கள் சைகோனில் கடை வைத்தார்கள். எங்கள் பகுதியில் பழைய வீடுகளில் சைகோன் என்ற பேர் அடிபடாத குடும்பம் குறைவு.

அந்த நாட்டில் காப்பி இறக்குவதும் ஃபில்டரில்தான். கோப்பையின் தலையில் உட்காரும் சின்ன ஃபில்டர். பசும்பால் கிடைப்பது அரிது என்பதால் டின் பாலைத்தான் ஊற்றினார்கள். 1946ல், போர்க் குழப்பத்தில் அந்தப் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஹனோய் நகரத்து மெத்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜாங் என்பவர் முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் போட்டார். பாலாடை போலவே திரண்டு நின்றது. அவர் தொடங்கிய கஃபே ஜாங் இன்னும் நடக்கிறது. வியட்நாமில் இன்று பாலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் முட்டைக் காப்பிக்குக் கூட்டம் குறையவில்லை. எக்நாக் லாத்தே என்று கடையில் விற்பதைவிட இது எளியது, என் நாக்குக்கு இதுதான் உசத்தி.

நம் நாட்டில் இரண்டாம் உலகப்போர் எதிர்மாறாக வேலை செய்தது. இந்தியக் காப்பியை வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டன. அங்கே காப்பிக்கு ஆலாய்ப் பறந்தார்கள், இங்கே கொட்டை மூட்டை மூட்டையாகத் தேங்கியது. ஏற்கெனவே 1936ல் பம்பாயில் முதல் இந்தியா காஃபி ஹவுஸைத் திறந்து, உள்நாட்டுச் சனங்களுக்குக் காப்பி பழக்கும் வேலை தொடங்கியிருந்தது. 1942ல் காப்பி வாரியம் வந்தபின் அது வேகம் பிடித்தது. 1957லிருந்து தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தக் கடைகளை எடுத்து நடத்தின. தமிழ்நாட்டு வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே காப்பி நுழைந்துவிட்டது என்றாலும், தெருக்கோடி வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்தத் தேக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

காரைக்காலுக்கு இதற்கு நடுவே தனியாக ஓர் அனுபவம். சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா, நடுவில் பிரெஞ்சு மண். எல்லைக்கு எல்லை சுங்கச் சாவடி. 1949ல் சுங்க உடன்பாடு முறிந்தபிறகு சாவடிகளில் கெடுபிடி ஏறியது. 1954ல் பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றி முடிச்சு இறுகியது. அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான். முற்றுகை என்றால் பாரிசும் நியூ ஆர்லியன்சும் மட்டும் கண்டது அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி சுக்கு. காப்பித்தூள் துளிகூட இல்லாமல் காப்பி என்ற பேரோடு நம் ஊரில் உலவும் பானம். சுக்கு, மல்லி, மிளகு, ஏலம், கருப்பட்டி. ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து ஓய்ந்து, மார்கழி ஈரம் சுவரில் ஏறி நிற்கும் காலத்தில் டெல்டாவில் இதைக் காய்ச்சாத வீடு இல்லை. இதன் பக்கத்தில் ஜிஞ்சர்பிரெட் லாத்தேயின் சிரப்பை வைத்துப் பாருங்கள். இஞ்சி, பட்டை, கிராம்பு, சாதிக்காய், கறுத்த வெல்லப்பாகு. மல்லியையும் மிளகையும் எடுத்துவிட்டுப் பட்டையையும் கிராம்பையும் வைத்தால் தீர்ந்தது. அவர்களுடைய கரும்புப் பாகுக்குப் பதில் நம் கருப்பட்டி. சொல்லப்போனால் கருப்பட்டியின் புகை வாசனைக்கு அந்தப் பாகு ஈடாகாது.

செய்முறைக்கு வருகிறேன். நடுசாமப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வீடு திரும்பும் பத்துப் பேருக்குக் கணக்கு.

பாகை முதல் நாளே செய்துவிடலாம். கருப்பட்டி 150 கிராம், தண்ணீர் 150 மில்லி. கருப்பட்டியைத் தட்டி, தண்ணீரில் கரையவிட்டு, கட்டாயம் வடிகட்ட வேண்டும். நல்ல கருப்பட்டியிலும் அடியில் மணல் நிற்கும். வடித்ததை மறுபடி அடுப்பில் வையுங்கள். கட்டைவிரல் நீளச் சுக்கு ஒன்றை இடிகல்லில் நசுக்கிப் போடுங்கள். பொடியாக்கினால் பாகு கலங்கும், நாக்கில் நெருடும். பட்டை, இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள் பட்டையாக இருந்தால் நல்லது. பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை காரம் கூடுதல், இனிப்பு குறைவு. ஒரு விரல் நீளம் போதும். கிராம்பு நாலு. ஐந்தாவது விழுந்தால் பல்வலி மருந்தின் வாடை வந்துவிடும், ஏனென்றால் பல் வைத்தியத்தில் சேர்ப்பதும் கிராம்பு எண்ணெயில் உள்ள அதே யூஜெனால்தான். எட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதித்து, கரண்டியிலிருந்து சொட்டாமல் வழியும் பக்குவத்தில் இறக்குங்கள். கம்பிப்பதம் வரை விடவேண்டாம், ஆறினால் இறுகிவிடும். இறக்கியபிறகு சாதிக்காயை நாலு இழுப்பு துருவிப் போட்டு மூடிவையுங்கள். சாதிக்காய் கொதித்தால் வாசனை பறந்துவிடும். கூடினால் உடம்புக்கும் ஆகாது. மறுநாள் வடிகட்டினால் ஏறக்குறைய 200 மில்லி பாகு, தேன் நிறத்தைவிடக் கறுத்து, பாட்டிலில் நிற்கும்.

சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் பாலில் நேராக நசுக்கிப் போடாதீர்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரித்துவிடும் நொதி ஒன்று இருக்கிறது. தென்சீனத்தில் இஞ்சிச்சாற்றில் சூடான பாலை ஊற்றி, அப்படியே உறையவைத்துக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் இனிப்பே உண்டு. பாகோடு கொதித்துவிட்டால் நொதி செத்துப்போகும், பயமில்லை.

கருப்பட்டிக்கும் பாலுக்கும் உள்ள பகை இதைவிடப் பேர்போனது. கொதிக்கும் பாலில் கருப்பட்டி விழுந்தால் அதன் புளிப்பும் உப்புகளும் பாலைத் திரித்துவிடும். எங்கள் பெரியம்மா அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்த விதம் இது: "பாலைப் பொங்கவிட்டு இறக்கி வை தம்பி. கொதி அடங்கட்டும். அதுக்கப்பறம் டிகாக்‌ஷனை ஊத்து, கடைசியா பாகை ஊத்து. அடுப்புல வச்சே ஊத்துனீன்னா அத்தனை பாலும் போயிடும்." அவர் சொன்ன வரிசையை மாற்றுவதில்லை.

டிகாக்‌ஷன் பூசைக்குக் கிளம்புமுன் போட்டுவிடுங்கள். பெரிய ஃபில்டரில் 100 கிராம் பொடி, தட்டை வைத்து லேசாக அழுத்தி, நன்றாகக் கொதித்த தண்ணீர் 600 மில்லி. இரண்டு தவணையாக ஊற்றுங்கள். பொடி ஏறக்குறைய 200 மில்லியைக் குடித்துக்கொள்ளும், 400 இறங்கும். இந்தக் காப்பிக்குச் சிக்கரி கலந்த பொடிதான் சரி. சட்டப்படி சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பாக்கெட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள். 70 காப்பி, 30 சிக்கரி என்பது என் சிபாரிசு. சிக்கரி இல்லாத சுத்தப் பொடியை விரும்பும் நண்பர்கள் கோபப்படுவார்கள். மற்ற நாளில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் கருப்பட்டியும் சுக்கும் பட்டையும் சேரும் இடத்தில் சுத்தக் காப்பியின் மென்மையான புளிப்பு எடுபடாது, மூழ்கிப்போகும். சிக்கரியின் கருகல் வாசனையும் கனமும்தான் மசாலாவுக்கு ஈடுகொடுத்து நிற்கும். கஞ்சத்துக்குக் கலந்த வேர், பண்டிகைக்கு அவசியமாகிவிடும் இடம் இது.

பால் ஒரு லிட்டர், தண்ணீர் கலக்காமல். பாலும் டிகாக்‌ஷனும் சேர்ந்தபின் ஆளுக்கு ஒன்றேகால் மேசைக்கரண்டி பாகு. பிறகு ஆற்றுவது. கை உயரத்துக்குத் தூக்கி நாலு முறை ஆற்றினால் கிளம்பும் நுரைக்கு எந்த எந்திர நுரையும் நிகரில்லை. மேலே கொஞ்சம் பட்டைப் பொடி தூவலாம், தூவாவிட்டாலும் குறையில்லை. கூடவே அச்சு முறுக்கு, கலகலா, ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய பழமும் சேர்ந்த புதுச்சேரி கேக். கேக் இனிப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் அன்றைக்குப் பாகை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முட்டைக் காப்பிக்கு நாலு பேர் கணக்கு: மஞ்சள் கரு இரண்டு, சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, பால் 400 மில்லி. கருவையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து நாடாவாக விழும்வரை அடியுங்கள். அதில் சூடான பாலை நூல்போல் ஊற்றியபடி கலக்க வேண்டும். அவசரப்பட்டால் முட்டை திரிதிரியாக வெந்துவிடும். பிறகு மொத்தத்தையும் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கரண்டியின் முதுகில் படியும் பக்குவம் வரும். ஏறக்குறைய 80 டிகிரி. அதைத் தாண்டவிடாதீர்கள், அதற்குக் குறைவாக இறக்கவும் வேண்டாம். அந்தச் சூட்டில்தான் முட்டையின் கிருமிப் பயம் தீரும். இறக்கி, கெட்டி டிகாக்‌ஷன் 120 மில்லி, சாதிக்காய் ஒரு சிட்டிகை.

ப்ரூலோவின் வீட்டு வடிவம் ஐந்து நிமிட வேலை. கமலா ஆரஞ்சுத் தோலை உள்வெள்ளை இல்லாமல் சீவி, நாலு கிராம்பைக் குத்தி, ஒரு துண்டு பட்டை, மூன்று கரண்டி சர்க்கரையோடு வாணலியில் போட்டுச் சர்க்கரை இளகும்வரை வதக்குங்கள். மேலே சூடான கடுங்காப்பி. பாலும் பிராந்தியும் நெருப்பும் இல்லாமலே வாசனை வாசல்வரை போகும். பெப்பர்மின்ட் மோக்காவுக்கு நம் பக்கத்து உறவு எதுவும் இல்லை. கோகோவும் புதினா எசன்ஸும் விருப்பப்பட்டவர்கள் கலந்துகொள்ளலாம்.

ராத்திரி இரண்டு மணிக்குச் சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பி கொடுத்தால் விடியும்வரை தூங்க மாட்டார்கள். அவர்களுக்கு டிகாக்‌ஷனுக்குப் பதில் சிக்கரியை மட்டும் தனியாக வாங்கி, அதில் அரைக் கரண்டியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அதே பாலில் அதே பாகோடு கொடுங்கள். நிறமும் நுரையும் பெரியவர்கள் டம்ளரில் இருப்பதுபோலவே இருக்கும். மிஞ்சிய பாகு குளிர்பெட்டியில் பொங்கல் வரைக்கும் தாங்கும். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.